செப்டிக் டேங்க், நைட்ரேட், ஓர் ஏக்கர் மணல்: 68,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மதிப்பீட்டு அறிக்கை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி எங்களுக்கு ஓர் ஏக்கர் மணற்பாங்கான இடம் இருக்கிறது. அதில் நாற்பது பேர் அமர்ந்து உண்ணும் உணவகமும், யாத்திரைப் பேருந்துகளுக்காகக் கட்டிய கழிப்பறை வரிசையும் ஆறு ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. பின்பக்கத்தில் பன்னிரண்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றைக் கட்ட முடிவு செய்தபோது, கூடுதலாக வரும் கழிவுநீரை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் கொத்தனார் வைத்திருந்த விடை மிகச் சுருக்கமானது: "அண்ணே, நம்ம மணலு எவ்வளவு விட்டாலும் குடிச்சிரும். ஆறு வருசத்துல உறைக்குழி ஒரு நாளாவது நெறஞ்சு நின்னுருக்கா?"

நின்றதில்லை என்பது உண்மைதான். செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடும் உறைக்குழி, அதாவது உறிஞ்சுகுழி, இந்தக் கரையில் நிரம்பாமல் இருப்பதை வீட்டுக்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். களிமண் பூமிக்காரர்கள் மழைக்காலத்தில் கழிவுநீர் ஊர்திக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்கையில் நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் மணல் குடித்த நீர் எங்கோ போய்ச் சேர்ந்துதானே ஆக வேண்டும்? அதைக் கண்டு சொல்வதற்காகவே மதுரையிலிருந்து ஒரு சிறு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தை அழைத்தோம். அவர்களுடைய சேவையைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளையும் சொல்லவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வேலையை வேறொருவரிடம் கொடுக்கப்போகிறவர்களுக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற அளவில் இது உதவக்கூடும்.

முதலில் இரண்டு இடங்களில் விலை கேட்டோம். ஒருவர் 15,000 ரூபாய்க்கு மூன்றே நாளில் அறிக்கை தருவதாகச் சொன்னார்; இடத்தைப் பார்க்க வர வேண்டாமா என்று கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் நான்கு புகைப்படங்கள் அனுப்பினால் போதும் என்றார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு கட்டுத் தாள் வேண்டும் என்றால் அது போதுமாக இருக்கலாம். இரண்டாமவர்கள் 68,000 ரூபாய் கேட்டார்கள். மண் சோதனை, சுற்றிலும் உள்ள கிணறுகளின் நீர்மட்ட அளவீடு, எட்டு நீர் மாதிரிகள், ஆய்வகக் கட்டணம், நைட்ரஜன் கணக்கு, பரிந்துரைகள் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். வீட்டில் சிறு சண்டைக்குப் பிறகு இரண்டாமவர்களையே முடிவு செய்தோம்.

அவர்கள் வந்தபின் எனக்குத் தெளிவான முதல் செய்தி, கட்டுமானக்காரர்கள் அனைவரும் வேதவாக்காகச் சொல்லும் 18 மீட்டர் விதியைப் பற்றியது. குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2470 சொல்கிறது, எங்கள் குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் இடையே 42 மீட்டர் இருக்கிறது என்பதால் நாங்கள் கவலையற்று இருந்தோம். ஆனால் அந்த இடைவெளி நோய்க்கிருமிகளை மனத்தில் வைத்து விதிக்கப்பட்டது. மணலுக்குள் மெதுவாக நகரும் நீரில் கிருமிகள் வடிகட்டப்படும், நாள்கள் செல்லச் செல்ல மடிந்தும் போகும். கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் அப்படியன்று. அது உயிரற்ற உப்பு, மணல் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை, நீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகும்.

செப்டிக் டேங்குக்குள் காற்று இல்லாததால், மலத்திலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் அங்கே நைட்ரேட் ஆவதில்லை. பெரும்பகுதி அம்மோனியமாகவே வெளியேறுகிறது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் உள்ள மணலின் இடுக்குகளில் காற்று நிறைந்திருப்பதால், அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. அதாவது கிருமிகளை ஒழிப்பதற்கு எந்தக் காய்ந்த மணலை நம்புகிறோமோ அதே மணல்தான் நைட்ரேட் உற்பத்தியாகும் இடமும் ஆகிறது. அங்கிருந்து கீழே இறங்கும் நைட்ரேட் போய்ச் சேருவது நம்முடைய நல்ல தண்ணீரின் மேல் அடுக்குக்கு. பாக்கு விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த நிலத்தில், மழைநீர் மணலுக்குள் இறங்கி, உள்ளே பரவியிருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. தனுஷ்கோடி மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆழமாகப் போர் போட்டால் உப்பு, மேலாக எடுத்தால் இனிப்பு என்றிருக்கும் ஊரில், கழிவு போய்ச் சேருவது சரியாக அந்த இனிப்பின் தலைமேல்.

களப்பணி மே மாதத்தில் மூன்று நாள் நடந்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நீர் ஊறும் வேகச் சோதனைக்காக மூன்று இடங்களில் சிறு குழிகள் வெட்டி, பக்கச் சுவர்களைக் கத்தி முனையால் கீறிவிட்டு, அடியில் ஐந்து சென்டிமீட்டர் பொடிக் கற்களைப் பரப்பி, இரவு முழுதும் மண் நனைந்தே இருக்கும்படி நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் ஓர் இளம் பெண் பொறியாளர் அளவுகோலும் கைக்கடிகாரமுமாகக் குழியருகே குந்தி உட்கார்ந்தார். பதினைந்து சென்டிமீட்டர் நீர் நான்கு நிமிடத்தில் இறங்கிவிட்டது. மீண்டும் ஊற்றினார், மீண்டும் நான்கு நிமிடம். எங்கள் கொத்தனார் வெற்றிக் களிப்போடு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணோ குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இவ்வளவு வேகமா எறங்குனா வடிகட்ட நேரமே இருக்காதுண்ணே" என்றார்.

நீரோட்டத்தின் திசையைக் கண்ட விதமும் எனக்குப் பிடித்திருந்தது. சுற்றியுள்ள ஐந்து கிணறுகளின் கைப்பிடிச் சுவர் உயரங்களை ஒரே அளவுமட்டத்துக்குக் கொண்டுவந்து, நீரைத் தொட்டவுடன் ஒலியெழுப்பும் நாடாவை உள்ளே இறக்கி, கடலருகே உள்ள கிணறுகளில் ஓதத்துக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும் என்பதால் ஐந்தையும் ஒரு மணி நேரத்துக்குள் அளந்து முடித்தார்கள். நிலம் சாலைப் பக்கம் சரிவதால் நீரும் அந்தப் பக்கம்தான் போகும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். நீர்மட்டமோ 500 மீட்டருக்குப் 1 மீட்டர் என்ற மிக மெல்லிய சரிவில் தென்கிழக்கே, அடுத்த வீட்டுக் கிணற்றை நோக்கி இறங்குவது தெரிந்தது. மணலின் நீர் கடத்தும் திறனையும் இந்தச் சரிவையும் வைத்து நாளொன்றுக்குப் 10 சென்டிமீட்டர் வேகம் என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் 42 மீட்டரைக் கடக்க ஓராண்டும் சில வாரங்களும் போதும். உணவகம் திறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

மாதிரி எடுத்த அன்று ஒரு சிறு கூத்து நடந்தது. அவர்கள் கொண்டுவந்த குளிர்பொதிகள் மதியத்துக்குள் உருகிவிட, மண்டபத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் இடத்துக்கு ஆளனுப்பி ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ் வாங்கிவரச் செய்தோம். பெட்டியில் சூடைமீன் வாசம் அடித்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, புட்டிகள் ஒவ்வொன்றையும் இரட்டை நெகிழிப் பையில் கட்டி முடிச்சுப் போட்ட பிறகே உள்ளே வைத்தார். நைட்ரேட் மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும், அம்மோனியத்துக்கான புட்டியில் கந்தக அமிலம் சொட்டுவிட்டு மூட வேண்டும் என்பனவற்றையெல்லாம் கேட்காமலே செய்தார்கள். 15,000 ரூபாய்க்காரரின் நான்கு புகைப்படங்கள் அப்போது என் நினைவுக்கு வந்தன.

ஆய்வக முடிவுகளில், அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு நேரே 11 என்று இருந்தது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்து, மாற்று நீராதாரம் இல்லாவிட்டாலும் அதற்கு மேல் தளர்வு கிடையாது என்றும் சொல்கிறது. 45 எங்கே, 11 எங்கே என்று நான் மகிழ்ந்துபோனேன். ஆனால் அந்த 11 நைட்ரேட்டின் அளவன்று, நைட்ரேட்டாக இருக்கும் நைட்ரஜனின் அளவு மட்டுமே, அதை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் கிடைக்கும். பெருக்கினால் கிட்டத்தட்ட 49. வரம்பைத் தாண்டிவிட்டது. ஆய்வகத் தாளின் ஓரத்தில் இரண்டு எழுத்து கூடுதலாக இருப்பதைக் கவனிக்காதவர் எவரும் இந்தத் தவறைச் செய்வார். நிறுவனத்தார் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து இதை எச்சரித்தார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

அடுத்து வந்தது கடலின் மீது பழிபோடும் முயற்சி, அதைச் செய்தவன் நான்தான். அந்தக் கிணற்றில் உப்பின் கூறான குளோரைடும் அதிகமாக இருந்தது. கழிவுநீரில் குளோரைடு உண்டு, ஆகவே உள்நாட்டு ஊர்களில் கழிவுநீர்க் கசிவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக அதை எடுத்துக்கொள்வார்கள்; இங்கே கடல் உள்ளே புகுந்தாலும் குளோரைடு ஏறும் என்பதால் அது எதையும் நிரூபிக்காது என்று வாதிட்டேன். அவர்கள் பொறுமையாக இரண்டு பதில்கள் தந்தார்கள். முதலாவது, கடல்நீரில் நைட்ரேட் மிகச் சொற்பம், ஆகவே குளோரைடுக்குக் கடல் காரணமாக இருக்கலாமே தவிர நைட்ரேட்டுக்கு இருக்க முடியாது. இரண்டாவது, கடல் உப்பில் குளோரைடோடு சிறிதளவு கலந்திருக்கும் புரோமைடு. கடல்நீரில் ஒரு பங்கு புரோமைடுக்கு எடையில் சுமார் 290 பங்கு குளோரைடு என்ற விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். நாம் சோற்றில் போடும் உப்போ, வாலிநோக்கம் உப்பளங்களில் நடப்பதைப் போல, படிகமாக விளையும்போதே புரோமைடின் பெரும்பகுதியை மிஞ்சும் கசப்பு நீரில் விட்டுவிட்டு வருகிறது. அந்த உப்பு நம் உடல் வழியாகக் கழிவுநீரில் கலக்கும்போது விகிதம் கடலைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கும். அந்தக் கிணற்றில் விகிதம் 410. சாலைக்கு அப்பால், எங்கள் நிலத்துக்கு முன்பே, நீரோட்டத்தின் மேற்புறத்தில் உள்ள கிணற்றில் 300-ஐ ஒட்டி இருந்தது, நைட்ரேட் 15. மலத்தொடர்புடைய கோலிஃபார்ம் கிருமிகள் எங்கும் இல்லை, அதாவது 18 மீட்டர் விதி தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த வீட்டாரின் ஆட்டுக் கொட்டகையும் தென்னைக்கு இடும் யூரியாவும் ஒரு பங்கு அளித்திருக்கலாம் என்று அறிக்கை நியாயமாகவே குறிப்பிட்டது. ஆனாலும் பெரும்பங்கு எது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் கிணற்றுக்குரிய பெரியம்மாவிடம் செய்தியைச் சொல்லப் போனோம். "எங்க கெணத்துத் தண்ணி கல்கண்டுப்பா. பேத்திக்குக்கூட நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் பால் மாவு கலக்குறோம்" என்றார். பேத்திக்கு நான்கு மாதம். நைட்ரேட்டுக்கு நிறமோ சுவையோ மணமோ இல்லை. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும் என்பதால்தான் வரம்பே வைக்கப்பட்டிருக்கிறது. பொறியாளர் இதை அச்சமூட்டாமல், குழந்தைக்கு மட்டுமாவது உடனே காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்தும்படி எடுத்துச் சொன்ன விதம் எனக்கு நிறைவாக இருந்தது. ஆர்.ஓ. கருவி நைட்ரேட்டை நீக்கும். ஆனால் அது கழித்துவிடும் நீரில் அதே நைட்ரேட் செறிவாக இருக்கும், அதைக் கொல்லையில் விட்டால் பழையபடி கிணற்றுக்கே திரும்பும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். நான்கு வாரத்தில் தருவதாகச் சொன்ன முதல் வரைவு ஏழாவது வாரத்தில் வந்தது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அதன் மையக் கணக்கில் இருந்த ஓர் எண்ணை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜன் என்று எடுத்திருந்தார்கள். அது வீட்டுக் கழிவுநீருக்குப் பொருந்தும் எண். வீட்டில் குளிக்கிறோம், துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். அந்த நீரெல்லாம் சேர்ந்து சிறுநீரை நீர்க்கச் செய்துவிடும். ஒருவர் உடலிலிருந்து நாளொன்றுக்கு வெளியேறும் பத்துப் பன்னிரண்டு கிராம் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு முதல்நாள் இரவு எங்கள் வளாகத்தில் வந்து நிற்கும் பேருந்துகளிலிருந்து இறங்குபவர்கள் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. அக்னி தீர்த்தத்தில் நீராடப் போகிறவர்கள் இங்கே செய்வது ஒன்றே ஒன்றுதான். இதை எழுத்தில் கேட்டபிறகுதான் உணவகத் தொட்டியின் வெளியேற்றக் குழாயிலேயே மாதிரி எடுத்தார்கள்: 92. புதிய விடுதி அறைகளுக்கு 40 என்றே வைத்து இரண்டையும் அளவுக்கேற்பக் கலந்தபோது சராசரி 60 ஆனது. தொட்டி ஏற்கெனவே கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும்போது புத்தகத்திலிருந்து எண்ணை எடுத்தது சோம்பல் என்பதே என் கருத்து. திருத்தத்துக்கும்கூட ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறைதான் மாதிரி எடுத்தார்கள். கூட்டமுள்ள நாளும் வெறுமையான நாளும் கலந்த மாதிரியே உண்மைக்கு நெருக்கமாக இருந்திருக்கும்.

அந்த எண் ஏன் முக்கியம் என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் விளங்கும். பன்னிரண்டு அறைகளில் 24 படுக்கைகள், படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர். உணவகத்தில் 40 இருக்கைகள், இருக்கைக்கு 70 லிட்டர். மொத்தம் 7,120 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாகும், ஆண்டு முழுவதற்குமாகப் பார்த்தால் 60 சதவீதம்தான் நிறைந்திருக்கும் என்று கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 1,250 கனமீட்டர் கழிவுநீர். ஓர் ஏக்கரில் 800 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் 15 சதவீதம் நிலத்தடிக்கு இறங்கினால் கிடைப்பது 486 கனமீட்டர். கழிவுநீர் மழைநீரைவிட இரண்டரை மடங்கு! எங்கள் நிலத்துக்குக் கீழே உருவாகும் நீரில் பெரும்பகுதி நாங்கள் ஊற்றியதாகவே இருக்கும் என்பதைத் தாளில் பார்த்தபோது சிறிது நேரம் பேச்சே வரவில்லை. 60-இல் கால்பங்கு தொட்டியிலும் மண்ணிலும் இழப்பாகப் போனாலும் மீதமுள்ளது நைட்ரேட்டாக லிட்டருக்கு 200 மில்லிகிராம். 15 மில்லிகிராம் உள்ள மழைநீரோடு கலந்தபின் 148. முதல் வரைவின் 40-ஐ வைத்தால் 100. இரண்டும் 45-ஐத் தாண்டுகின்றன, அப்புறம் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். 45-க்குள் கொண்டுவர, நிலத்தில் விடும் நீரில் நைட்ரஜன் 13-ஐத் தாண்டக் கூடாது. முதல் வரைவின்படி அதற்கு, இழப்பு போக மிஞ்சும் நைட்ரஜனில் 57 சதவீதம் நீக்கினால் போதும். உண்மை அளவின்படி 72 சதவீதம் நீக்க வேண்டும். எங்களிடம் விலைப்பட்டியல் தந்திருந்த சுத்திகரிப்புக் கருவிகளில் மலிவானது 60 சதவீதம் நீக்கக்கூடியது. அந்த வரைவை நம்பியிருந்தால் அதைத்தான் வாங்கியிருப்போம்.

விற்பனையாளர்களின் கையேடுகளில் 95 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது கரிமக் கழிவை நீக்கும் அளவு, நைட்ரஜனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிக்கை தனிப் பத்தியில் எச்சரித்திருப்பது மிகவும் பயனுள்ளது. பரிந்துரைத்த முறையும் எளிமையாக விளக்கப்பட்டிருந்தது: காற்றில்லாத தொட்டி ஒன்று, அதையடுத்துக் காற்றூட்டும் தொட்டி ஒன்று. இரண்டாவதில் உருவாகும் நைட்ரேட் நீரின் பெரும்பகுதியை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பினால், அங்கே புதிதாக வரும் கழிவை உண்ணும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் போய்விடும். சமையலறைக் கழிவுநீர் அந்த நுண்ணுயிரிகளுக்கு நல்ல தீனி. எண்ணெயையும் கொழுப்பையும் தனித் தொட்டியில் பிரித்துவிட்டு அனுப்ப வேண்டும். கொத்தனார் இதற்கும் ஒரு மாற்று வைத்திருந்தார்: "அம்புட்டையும் தென்னைக்கு விட்டுருவோம்ணே." யோசனை மோசமில்லை. ஒரு தென்னைக்கு ஆண்டுக்கு 560 கிராம் நைட்ரஜன் இடச் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பவை 22 மரங்கள், அதாவது 12 கிலோ. நாங்கள் விடப்போவதோ 56 கிலோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உறிஞ்சுவதற்கு முன்பே கீழே அடித்துச் செல்லப்படுவது தனி.

அறிக்கையில் விடுபட்ட ஒன்று, ஆண்கள் கழிப்பறையில் சிறுநீரைத் தனியாகப் பிரித்துச் சேகரிக்கும் வழி. திருச்சி மாவட்டம் முசிறியில் ஒரு பொதுக் கழிப்பறையில் அதைச் செய்து பயிருக்குப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். பேருந்துப் பயணிகளே பெரும்பான்மையாக வரும் எங்களைப் போன்ற இடத்தில் நைட்ரஜனின் பெரும்பகுதியைத் தொட்டிக்குள் போகும் முன்பே தடுக்கும் வழி அது. கேட்டபோது, இசைவாணைக்கான படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். படிவத்துக்காகவா அறிக்கை?

இன்னொரு குறை, பருவத்தைப் பற்றியது. மே மாதத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 3.2 மீட்டர் ஆழத்தில் இருந்தது. அதை வைத்து 2.5 மீட்டர் ஆழ உறைக்குழிகளுக்கு வரைபடம் போட்டிருந்தார்கள். இந்த மாவட்டத்தில் மழை என்பது வடகிழக்குப் பருவமழைதான். கோடையில் அளந்த நீர்மட்டத்தை வைத்துக் குழி வெட்டுவது, கண்மாய் வற்றியிருக்கும்போது உள்வாயில் வீடு கட்டுவதைப் போன்றது. டிசம்பரில் மீண்டும் வந்து அளக்கச் சொன்னோம், அதற்கு 9,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள். நீர்மட்டம் 1.4 மீட்டருக்கு ஏறியிருந்தது. வரைபடத்திலிருந்த குழிகள் மூன்று மாதம் நிலத்தடி நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்திருக்கும். காய்ந்த மணல் என்ற வடிகட்டியே இல்லாமல் கிருமிகளும் நேராகக் கிணற்றுக்குப் போயிருக்கும். வரைபடத்தை மாற்றி, தரைமட்டத்துக்கு மேல் மணல் கொட்டி உயர்த்திய பாத்தியில் ஆழமற்ற பரவல் குழாய்களாக அமைத்துத் தந்தார்கள். தவறை ஒப்புக்கொண்டு இரண்டே வாரத்தில் திருத்தியதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இரண்டாம் வருகை முதல் ஒப்பந்தத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

64 பக்க அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஊராட்சியில் காட்டவும் அக்கம்பக்கத்தாரிடம் விளக்கவும் தமிழில் நான்கு பக்கமாவது வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். அந்த நான்கு பக்கமும் தெளிவாக இருந்தன. எங்கள் இடம், கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் இருப்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பெரிதாகக் குறுக்கிடவில்லை. அதற்குள் இடம் வைத்திருப்பவர்களுக்கு நிலத்தடி நீர் எடுப்பதிலேயே கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், அவர்கள் இந்த வேலையைத் தொடங்கும் முன் அதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

மொத்தத்தில் 77,000 ரூபாய் செலவானது, களப்பணிக்கும் நேர்மைக்கும் அது தகும்; கணக்கெழுதும் மேசையில் இருப்பவர்களை மட்டும் தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த வேலை ஆணையில், மழைக்குப் பிந்தைய அளவீடு சேர்ந்ததே கட்டணம் என்றும், இயங்கும் தொட்டி இருந்தால் அதன் நீரையே சோதிக்க வேண்டும் என்றும் முதல் இரண்டு வரிகளாக எழுதுவேன். இப்போது எங்கள் எல்லைக்கும் பெரியம்மாவின் வேலிக்கும் நடுவே இரண்டு கண்காணிப்புக் குழாய்களை இறக்கியிருக்கிறோம். தை அமாவாசைக் கூட்டம் கலைந்த மறுவாரம் அவற்றில் முதல் மாதிரி எடுக்க வருகிறார்கள். முடிவை நைட்ரஜனாக இல்லாமல் நைட்ரேட்டாகவே அச்சிட்டுத் தரும்படி ஆய்வகத்துக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.